வயிறு என்று சொன்னேன்

பத்தாம் வகுப்பைத் தாண்டாதவன், அதிலும் நாலு பேர் முன்னால் வாய் திறக்கக் கூசுகிறவன், எழுத உட்கார்ந்ததற்கு முதலிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். விஷயமும் சபையில் பேசக்கூடியதில்லை. வாயால் சொல்ல முடிந்திருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன்.

இடுக்கியில் ஒரு தேயிலைத் தோட்டத்து ஃபேக்டரியில் எனக்கு வேலை. மனைவி கொழுந்து எடுக்கிறாள். மகளைத் தேனிப் பக்கம் கட்டிக் கொடுத்திருக்கிறோம். தோட்டத்தில் வேலை குறைந்த சமயத்தில் வாளையார் செக்போஸ்ட் பக்கம் போய் இரண்டு மாதம் லாரிகளுக்கு மூட்டை ஏற்றினேன். திரும்பி வந்த சில வாரங்களில், மழை பிடித்துக்கொண்ட நேரம், மறைவிடத்தில் அரிப்பு தொடங்கியது. தோல் சிவந்து வெள்ளையாகப் படிந்தது. சிறுநீர் கழித்தால் எரிந்தது.

எங்கள் டிஸ்பென்சரியில் ஒரு ஜன்னல்தான். வரிசையில் நின்று, உள்ளே இருக்கும் சிஸ்டரிடம் என்ன நோய் என்று சொல்ல வேண்டும். அவர் அதைச் சத்தமாகத் திருப்பிச் சொல்லித்தான் எழுதுவார். எனக்குப் பின்னால் பக்கத்து வீட்டுப் பெண்கள் நின்றார்கள்.

"என்னண்ணே செய்யுது?"

"வயிறு."

"வயித்துல என்ன? வலியா, போகுதா?"

"போகுது."

மாத்திரை கொடுத்தார். வயிற்றுக்கான மாத்திரை மறைவிடத்துக்கும் கேட்டுவிடாதா என்று ஒரு நப்பாசை. முழுதாகச் சாப்பிட்டேன். அரிப்பு கூடியது. மறுபடியும் போய் மறுபடியும் வயிறு என்றேன். மூன்றாவது முறை, வாரம் ஒருநாள் வரும் டாக்டர் வீரியம் கூடிய ஆன்டிபயாடிக் எழுதினார். அதையும் சாப்பிட்டேன். அதற்குப் பிறகு நிஜமாகவே வயிறு உப்பியது. உடம்பு எந்நேரமும் அசந்து கிடந்தது. ஃபேக்டரியில் எனக்குப் பேரே மாறிப்போனது.

"வயிறு வருது, கக்கூஸ் பக்கம் வழி விடுங்கப்பா" என்பார் என்னோடு இலை வாரும் ஆள். நானும் சிரித்துவைப்பேன். அந்தக் கேலி எனக்குச் சௌகரியமாக இருந்தது.

வீட்டில்தான் மறைக்க முடியவில்லை. மனைவிக்கும் வந்துவிடுமோ என்று பயந்து, குறட்டை அதிகமாகிவிட்டது என்று சொல்லி முன்னறை பெஞ்சில் படுத்தேன். ஐந்து மாதம். அவள் ஒன்றும் கேட்கவில்லை. ஒருநாள் என் மழைக்கோட்டைக் காயப் போடும்போது பையிலிருந்த டியூபை எடுத்துவிட்டாள். படர்தாமரை என்று மெடிக்கல் ஷாப்பில் பொய் சொல்லி வாங்கிய களிம்பு.

"இது எங்க போடுறது?"

டியூபை வாங்கி மறுபடியும் கோட்டுப் பைக்குள்ளேயே போட்டேன்.

"வாளையாருல யாரு?"

யாரும் இல்லை என்று அப்போதே சொல்லியிருக்க வேண்டும். கேட்ட கேள்வியே உடம்பைக் கூசவைத்துவிட்டது. கோவில் திருநாள் முடிந்ததும் மகள் வீட்டுக்குப் போய் அங்கேயே இருந்துகொள்கிறேன் என்றாள். அவள் சொன்னால் சொன்னதுதான்.

திருநாளுக்கு முந்தின வாரம் டவுனில் ஒரு தோல் டாக்டரைப் பார்த்தேன். கதவைச் சாத்திய பிறகுதான் எனக்குப் பேச்சு வந்தது. இதுவரை சாப்பிட்ட மாத்திரை அட்டைகளை மேசையில் பரப்பச் சொன்னார்.

"வயித்துல ஈஸ்ட்னு ஒரு பூஞ்சை எல்லாருக்கும் இருக்கு. ரொட்டி பொங்கப் போடுறாங்கல்ல, அந்த ஜாதி. ஆன்டிபயாடிக் அதை அடக்கி வைக்கிற நல்ல கிருமியையும் கொன்னுரும். அப்புறம் ஏற்கெனவே இருக்கறது இன்னும் பெருகும். உங்களுக்கு வெளிய வந்திருக்கறதும் அந்த வகைப் பூஞ்சைதான். வயித்துலேருந்து வந்திருக்கலாம்."

"இந்த அசதியும் அதுலதானா சார்?"

"அப்படியும் சிலர் சொல்றாங்க. நிரூபணம் இல்ல. முதல்ல சர்க்கரை பாருங்க."

பார்த்தேன். நிறைய இருந்தது. பல நாளாகவே இருந்திருக்கும், அதுவே இந்தப் பூஞ்சைக்குத் தீனி என்றார். களிம்பும் மாத்திரையும் எழுதிக் கொடுத்து, அடுத்த முறை மனைவியையும் அழைத்து வரச் சொன்னார். பஸ்ஸில் வரும்போது எப்படிச் சொல்வது என்று வாய்க்குள்ளேயே சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

திருநாளன்று மதியம், பூசை முடிந்து வந்து அவள் கறிக்கு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். சமையலறை வாசலில் நின்று சொன்னேன். வாளையாரில் யாரும் இல்லை. இது அந்த மாதிரி நோயில்லை. சர்க்கரை இருக்கிறது. வயிற்றிலிருந்து வந்திருக்கலாம் என்று டாக்டர் சொன்னார்.

அவள் கத்தியைக் கீழே வைக்கவில்லை.

"அஞ்சு மாசமா ஊருக்கெல்லாம் வயிறு வயிறுன்னீங்க. இப்ப எனக்கும் வயிறா?"

"இது நெசம்."

"டாக்டர் உறுதியாச் சொன்னாரா?"

ஆமாம் என்று சொல்லியிருந்தால் போகாமல் இருந்திருப்பாளோ என்னவோ. அன்றைக்கென்று பொய் வரவில்லை.

"இருக்கலாம்னுதான் சொன்னாரு."

"இருக்கலாம்" என்று அவளும் ஒருமுறை சொன்னாள். பிறகு வெங்காயத்தை நறுக்கத் தொடங்கினாள். கறி நன்றாகத்தான் இருந்தது. இருவரும் தனித்தனியாகச் சாப்பிட்டோம்.

மறுநாள் காலை ஏழு மணி பஸ்ஸில் அவள் தேனிக்குப் போனாள். நான் டிஸ்பென்சரி வரிசையில் நின்றேன். சிஸ்டர் என்னவென்று கேட்டார். சர்க்கரை என்று மட்டும் சொன்னேன். அவர் அதைச் சத்தமாகத் திருப்பிச் சொல்லி எழுதிக்கொண்டார்.