கழுவக் கழுவச் சிவந்த தண்ணீர்

பாசிக்காரிக்கு வாய் கொஞ்சம் நீளம். கொட்டகையில் கடல்பாசியை உலர்த்தி, கல்லும் சிப்பியும் பொறுக்கி, சிவப்பைத் தனியாகப் பிரிப்பது அவள் வேலை. அவள் புருஷன் அந்தச் சிவப்புப் பாசியைப் பறிக்கத்தான் பாறையடியில் முங்கினான். எழவே இல்லை, உடலும் கிடைக்கவில்லை. மகள் அப்போது வயிற்றில்.

அந்த மகளுக்கு இப்போது ஆறு வயது. ரத்தம் குறைந்து உதடு வெளுத்துவிட்டது, படியேறினால் மூச்சு வாங்கியது. இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தால் வாந்தி. உணவுப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கும் நாத்தனார்தான் வழி சொன்னாள்.

"மருந்த கையில வச்சிக்கிட்டு ஊரெல்லாம் அலையுறீங்களே அண்ணி. சிவப்புப் பாசியில இரும்பும் இருக்கு, புரதமும் இருக்கு. சூப்புல கொஞ்சமா போட்டுக் குடுங்க. அள்ளிப் போட்டுடாதீங்க, அயோடின் கூடினாலும் வம்பு."

அவனை விழுங்கிய பாறையில் முளைத்ததைப் பிள்ளைக்கு ஊட்டுவதா? ஆனாலும் பெற்றவளாயிற்றே, கொடுத்தாள். கொடுக்குமுன் நல்ல தண்ணீரில் ஊறவைத்துக் கசக்கினாள், கொட்டினாள், மறுபடி ஊறவைத்தாள். ஒவ்வொரு தண்ணீரும் சிவப்பாக இறங்கியது. அவன் சட்டை வாடை அடிப்பதுபோல இருந்தது. கையை எடுத்த பிறகும் தொட்டித் தண்ணீர் விளிம்பில் மோதிக்கொண்டே இருந்தது. வெளிறும்வரை கழுவினாள்.

மகள் தேறவில்லை. படுத்த படுக்கையானாள்.

பார்க்க வந்த நாத்தனார் தொட்டியில் கைவிட்டு அள்ளினாள்.

"என்ன அண்ணி இது, வைக்கோல் மாதிரி இருக்கு? இப்படி ஊறவச்சா சத்தெல்லாம் சாக்கடைக்குத்தானே போகும். நீங்க பாசியக் கழுவுறீங்களா, எங்க அண்ணனக் கழுவுறீங்களா?"

இருவரும் அடுக்களையில் உட்கார்ந்து அழுதார்கள்.

அதன்பின் மணல் போக ஒரே ஒரு அலசல். சூப் சிவந்து கொதித்தது. மகள் சப்புக்கொட்டிக் குடித்தாள். மெல்ல உதட்டில் நிறம் வந்தது. படிகளில் ஓடவும் ஆரம்பித்தாள்.

ஒரு மத்தியானம் மகள் காலிக் கிண்ணத்தை நகர்த்தினாள். "இன்னும் கொஞ்சம் ஊத்துடி, ராங்கி."

பாசிக்காரிக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. அந்த நீள வாய்க்காக அவளை அப்படிக் கூப்பிட்டவன் புருஷன் ஒருவன்தான், அதுவும் கதவைச் சாத்திய பிறகு. நாத்தனாருக்குக்கூடத் தெரியாது.

"யாருடி சொல்லிக் குடுத்தா?"

"என்னது? பசிக்குதும்மா."

அவள் ஊற்றினாள். பாதி மேசையில் சிந்தியது. மகள் குடித்து முடிக்கும்வரை அந்த முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். பயமாகத்தான் இருந்தது. இன்னொரு தடவை கூப்பிடமாட்டானா என்றும் இருந்தது.