பெண்கள் பெட்டி

ஈப்போவிலிருந்து கோலாலம்பூர் வரை விரைவு ரயில். அங்கிருந்து புறநகரிலுள்ள கண் மருத்துவமனைக்குக் கொமுட்டர் மின்ரயில். மாதம் ஒருமுறை எனக்கும் என் மனைவிக்கும் இந்த அலைச்சல்தான். நிலையச் சுவரிலுள்ள வரைபடத்தில் சிவப்பும் நீலமுமாக எத்தனையோ பாதைகள் ஓடும்; எங்களுக்கு வேண்டியது நாலே நிலையம். சுங்காய் தோட்டத்தில் விடியுமுன் இருட்டில் ரப்பர் மரம் சீவியவளுக்கு, இப்போது பட்டப்பகலில் பெயர்ப்பலகை தெரிவதில்லை.

காலையில் கொமுட்டரில் நிற்கவே இடம் இருக்காது. அதனால் பெண்கள் பெட்டியில் அவளை உட்கார வைத்துவிட்டு, அடுத்த பெட்டியில் நான் நின்றுகொண்டு வருவேன். "நாலாவது ஸ்டேஷன். கதவுகிட்ட வந்து நிப்பேன்" என்று அன்றும் சொன்னேன். அவளுடைய கைப்பேசி, அடையாள அட்டை எல்லாம் என் பையில் இருந்தன. என் புத்தி அவ்வளவுதான்.

நாலாவது நிலையத்தில் கதவு திறந்தது. அவள் இல்லை. எண்ணிக்கை தவறி முன்னாலேயே இறங்கிவிட்டாள் போல. அடுத்த ரயிலுக்குக் காத்திருந்து, வந்த வழியே ஒவ்வொரு நிலையமாக இறங்கித் தேடினேன். இரண்டாவதாக இறங்கிய இடத்தில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் நின்ற தமிழ்ப் பெண் ஊழியர் படபடத்தார்.

"மைக்ல கூப்பிடலாம்னு உங்க பேரு கேட்டேண்ணே. அக்கா சொல்லவே மாட்டேங்கிறாங்க லா!"

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. "புருஷன் பேரச் சொன்னா நாக்கு அழுகிருமா?" என்று எல்லார் முன்னாலும் கத்தினேன்.

"வாயில வரலங்க" என்றாள். கல்யாணமான நாளிலிருந்து நான் அவளுக்கு 'ஏங்க'தான்.

மருத்துவமனையில் எங்கள் முறை போய்விட்டிருந்தது. வேறு தேதி கொடுத்தார்கள். அந்தத் தேதியில் டாக்டர் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, இனி இவ்வளவு தூரம் வரவேண்டாம் என்றார். போன தடவை பார்த்திருந்தாலும் இதே கதிதான் என்றும் சொன்னார். நான் நம்பவில்லை. இன்றும் நம்பவில்லை.

ஈப்போவுக்குத் திரும்பும் ரயிலில், ஒரே ஒரு தடவை என் பேரைச் சொல் என்று கெஞ்சினேன். இனிமேல் நான் நாலடி தள்ளி நின்றாலும் அவள் தொலைந்துபோவாளே என்ற பயம். மாட்டேன் என்று அவள் தலையை ஆட்டினாள். எரிச்சலில் எழுந்து போய்க் கதவோரம் நின்றேன்.

கொஞ்ச நேரத்தில் என் காலி இருக்கையைத் தடவினாள். "ஏங்க" என்றாள். நான் வாயைத் திறக்கவில்லை. இப்போதாவது பேரைச் சொல்வாள் என்று காத்திருந்தேன். இன்னொரு தடவை, மெதுவாக, "ஏங்க" என்றாள். பிறகு கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, சத்தமில்லாமல் அழ ஆரம்பித்தாள்.