அபராதச் சீட்டில் ஒரு கத்தாழை

முதலில் வாளியைப் பார்ப்பாள் நோம்புசோ, பிறகுதான் முகத்தை. தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகருக்குத் தெற்கே பதினொரு கிலோமீட்டர் கடற்கரைக்கு அவள்தான் மீன்வளக் காவலர். சீருடைக் காலணிகளைக் கயிற்றில் கோத்துத் தோளில் மாட்டிக்கொண்டு வெறுங்காலோடு நடப்பாள். பொழுதுபோக்குக்குத் தூண்டில் போடுகிறவர் யாரானாலும் தபால் நிலையத்தில் வாங்கிய பர்மிட் இருக்கவேண்டும். ஷாட் மீன் ஆளுக்கு நாலுதான்; முப்பது சென்டிமீட்டருக்கு ஒரு விரற்கடை குறைந்தாலும், "இது இன்னும் பள்ளிக்கூடமே சேரல, விடுங்க" என்பாள்.

"மீனுங்களா, பிறப்புச் சான்றிதழை எடுத்து வைங்க, நோம்புசோ வர்றா!" என்று பாறை மேலிருந்து கத்துவார்கள்.

"உங்க வாய்க்கும் ஒரு அளவு இருக்கு, மாமா." சிரிக்கமாட்டாள்.

போன வருஷம் சொந்த அக்காள் கணவனுக்கே அபராதச் சீட்டு எழுதினாள். கிறிஸ்துமஸ் விருந்துக்கு அக்காள் கூப்பிடவில்லை. ஆட்டுக்கறி சமைத்து எடுத்துக்கொண்டு இவளே போய் வாசலில் நின்றாள்.

ஜூன் மாதக் காலையொன்றில் ஆற்றுமுகத்து மணல்திட்டில் பெக்கிதெம்பா மட்டும் நின்றிருந்தார். சர்க்கரை ஆலைக் கொதிகலனில் உழைத்து ஓய்ந்தவர். தூண்டில்கோல் வில்லாக வளைந்திருந்தது.

"பர்மிட், பாபா."

"சட்டைப்பையில இருக்கு, நீயே எடுத்துக்கோ!"

எடுத்துப் பார்த்தாள். "முடிஞ்சு ஆறு நாள் ஆச்சு."

பெரியவர் திரும்பவில்லை. "மகளே, இருபது வருஷமா இந்த ஒரு இழுப்புக்குத்தான் நிக்கிறேன். நூலை மட்டும் அறுக்கச் சொல்லாதே."

அவள் கை இடுப்புக் கத்திவரை போய் நின்றது. அறுத்தால் முள்ளோடும் முழ நூலோடும் மீன் எங்காவது போய்ச் சாகும்.

"கரைக்குக் கொண்டு வாங்க. ஆனா வீட்டுக்குக் கொண்டுபோக முடியாது. சீட்டும் எழுதுவேன்."

"எழுதும்மா, பத்து எழுது!"

நாற்பது நிமிஷம். மீன் அவரை நீருக்குள் இழுக்கத் தொடங்கியதும் பையை மணலில் எறிந்துவிட்டு இடுப்பளவு நீரில் இறங்கினாள். பின்னாலிருந்து அவர் பெல்ட்டை இறுகப் பிடித்துக்கொண்டாள். வந்தது கத்தாழை மீன். செம்பும் வெள்ளியுமாக மின்னியது. அளவுகோல் போதாமல் இரண்டு முறை வைத்து அளந்தாள்.

"கையை நனைச்சுக்கிட்டுத் தொடுங்க, பாபா. காஞ்ச கை அதுக்கு ஆகாது."

முள்ளை அவள் கழற்றினாள். அவர் இரு கையாலும் மீனை நீருக்குள் தாங்கி, வால் துடிக்கும்வரை முன்னும் பின்னும் அசைத்துக்கொண்டிருந்தார். ஒரே உதறல், போய்விட்டது.

படம் எடுத்து வைத்திருக்கலாமென்றால் அவள் போனுக்குள் உப்புத்தண்ணீர். அவரிடம் போனே இல்லை.

"வீட்டுல சொன்னா எவன் நம்புவான்?" பெரியவர் வெறுங்கையைப் பார்த்தபடி நின்றார்.

நோம்புசோ ஈரத்தைத் துடைத்துக்கொண்டு சீட்டுப் புத்தகத்தைத் திறந்தாள். பெயர், குற்றம், தேதி. 'பிடித்த மீன்' என்ற கட்டத்தில் மட்டும் கொட்டை எழுத்தில் நிறுத்தி எழுதினாள்: கத்தாழை, நூற்று முப்பத்திரண்டு சென்டிமீட்டர், உயிரோடு விடப்பட்டது. கையெழுத்துப் போட்டு அரசு முத்திரையை அழுத்தினாள். பிறகு முழங்காலைச் சற்றே மடித்து, நீட்டிய வலக்கையை இடக்கையால் தாங்கி, பெரியவர்களுக்குப் பரிசு கொடுக்கும் முறைப்படி அந்த அபராதச் சீட்டை அவரிடம் கொடுத்தாள்.