ஹ்யூகியின் காரிலிருந்து எழுந்த விரல்

அயர்லாந்தில் எங்கள் கில்நாகர் கிராமத்துக்குச் சமூகப் பணியாளர் வேண்டும் என்று ஆள் எடுத்தபோது டெர்வ்லாவிடம் கேட்ட முதல் கேள்வி, இந்த ஊரில் சொந்தம் உண்டா என்பதுதான். உண்டு என்றாள். அம்மா பிறந்த வீடு இங்கேதான், தாய்மாமா ஹ்யூகி இன்னும் அதில்தான் இருக்கிறார். அப்படியென்றால் ஊர் உன்னை நம்பும் என்று சொல்லி வேலையைக் கொடுத்தார்கள்.

நன்றாக நம்பினோம் போங்கள். ஊர்க்கூடத்தில் தனியாக இருக்கும் முதியவர்களுக்குப் புதன்கிழமைச் சாப்பாடு சமைக்கிறவள் நான், எனக்குத் தெரியாதா? டப்ளினில் வளர்ந்த பெண் வந்து இறங்கியதும் அவள் பேரைக்கூட ஒருவரும் கேட்கவில்லை. ஹ்யூகியின் அக்கா மகள், அவ்வளவுதான். ஹ்யூகி சண்டை போட்ட வீடுகளெல்லாம் இவளுக்கும் கதவைச் சாத்தின. வாடகைக்கு வேறு இடம் கிடைக்காமல் மாமாவின் பின்னறையில் படுத்துக்கொண்டு, மாமாவின் பச்சைக் காரில் வேலைக்குப் போனாள்.

அவள் முதலில் திறக்க வேண்டியிருந்தது டினி கீகனின் கதவு. சதுப்பு நிலத்துக்குப் போகும் வண்டிப்பாதை யாருடையது என்று டினியும் ஹ்யூகியும் முறைத்துக்கொண்டு முப்பது வருஷம் ஆகிறது. டினி தனிக்கட்டை. போன குளிர்காலம் கொட்டகையில் வழுக்கி விழுந்து, பால் வண்டிக்காரன் பார்க்கும்வரை அங்கேயே கிடந்தார். அவரைக் கூடத்துச் சாப்பாட்டுக்கு வரவைக்க வேண்டும் என்று பலமுறை போனாள். நாய்தான் பதில் சொன்னது.

எங்கள் சாலையில் எதிரே வருகிறவருக்கு ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலைத் தூக்கி வணக்கம் சொல்வோம். தூக்காவிட்டால் பகை என்று அர்த்தம். டெர்வ்லாவுக்குப் புதுப் பழக்கம், மாடு வந்தால்கூடத் தூக்குவாள். ஒரு மழை நாளில் டினியின் டிராக்டர் எதிரே வந்தபோதும் தூக்கிவிட்டாள்.

அந்தப் புதன்கிழமை டினி சவரம் செய்துகொண்டு கூடத்துக்கு வந்தார்.

"ஹ்யூகியே முதல்ல விரலத் தூக்கிட்டான், பெர்னி" என்று என்னிடம் சொல்லிவிட்டு, உருளைக்கிழங்கை இரண்டு முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

ஊர் மதுக்கடையில் ஹ்யூகியை ஓட்டித் தள்ளினார்கள். நான் தூக்கவில்லை என்று அவர் சத்தியம் செய்யச் செய்ய, வெட்கப்படுகிறான் என்று இன்னும் சிரித்தார்கள். வீட்டுக்கு வந்து டெர்வ்லாவைப் பிடித்துக்கொண்டார்.

"விரல் உன்னோடதுன்னு நீயே ஊரறியச் சொல்லு. இல்லேன்னா பெட்டியைக் கட்டு."

"சொன்னா அவர் திரும்பவும் வீட்டுக்குள்ள முடங்கிடுவார், மாமா."

"முடங்கட்டும்."

மறுநாள் என் அடுப்படியில் உட்கார்ந்து அழுதாள். "மூச்சு முட்டுது, பெர்னி அக்கா. எந்தப் பக்கம் திரும்பினாலும் மாமாதான் நிக்கிறார்." எனக்கு ஹ்யூகிமேல் மட்டுமில்லை, ஊர்மேலேயே கோபம் வந்தது. டினியிடமாவது உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்று எழுந்து போனாள்.

இந்த முறை கதவு திறந்தது.

"அன்னிக்கு விரலத் தூக்கினது நான்தாங்க."

"தெரியும்" என்றார் டினி. "வண்டிக்குள்ள இருந்தது பொண்ணுன்னு தெரியாத அளவுக்குக் கண்ணு கெட்டுப்போகல."

"அப்புறம் எதுக்கு மாமா பேரைச் சொன்னீங்க?"

"அவன் தூக்கினதா இருந்தாத்தான் நான் வெளிய வர முடியும், பொண்ணே. நானே இறங்கி வந்தேன்னா ஊர்ல தலை நிமிர்ந்து நடக்க முடியாது. யார்கிட்டயும் சொல்லிடாத."

வீட்டில் ஹ்யூகி காத்திருந்தார். "ஊருக்குச் சொல்றியா இல்லியா?"

"மாட்டேன், மாமா."

கார் சாவியை வாங்கிக்கொண்டார். அவள் பெட்டி இப்போது என் வீட்டில், மகன் காலி செய்துவிட்டுப் போன அறையில் இருக்கிறது. அதனால் என்னோடு பேசாத இரண்டு வீடுகள் அவளோடும் பேச்சை நிறுத்திவிட்டன. நடந்தேதான் வேலைக்குப் போகிறாள்.

புதன்தோறும் டினி வருகிறார், நன்றாகச் சாப்பிடுகிறார். வழியில் பச்சைக் கார் எதிரே வரும்போது டெர்வ்லா ஓரமாக நின்று விரலைத் தூக்குகிறாள். ஹ்யூகி இரண்டு கைகளாலும் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு போகிறார்.