ஒரு கழனிக்குத் தீட்டாத பச்சை

எழுபதுகளின் தொடக்கத்தில், தாம்பரத்தில் நான் புவியியல் எம்.ஏ. படித்துக்கொண்டிருந்தபோது நடந்தது இது. செம்பாக்கம் ஏரிப் பாசனத்தில் எந்த நிலத்தில் என்ன விளைகிறது, சுற்றுவட்டாரத்தில் தொழிற்சாலைகள் வர வர விவசாயம் எப்படி மாறுகிறது என்பதுதான் என் ஆய்வு. கையில் கிராம வரைபடம், பையில் கலர் பென்சில் பெட்டி. பயிர் இருந்தால் பச்சை, தரிசு என்றால் பழுப்பு. நாட்டின் பொருளாதாரமே என் பென்சில் முனையில் நிற்பதாக எனக்கு நினைப்பு.

உண்மையில் சர்வே கல் எங்கே இருக்கிறது என்றே எனக்குத் தெரியாது. அதைக் காட்டியவர் அந்த ஊர் அக்கா ஒருவர். முப்பது வயதிருக்கும். கணவர் இல்லை. ஏரி மதகை ஒட்டி ஒரே ஒரு கழனி அவருக்கு. சர்வே நம்பர் சொன்னால் அவருக்குப் புரியாது; "கோணக் கழனி", "புளியமரத்துக் கழனி" என்று அவர் சொல்லச் சொல்ல நான் படத்தில் தேடுவேன். பத்து நாள் என்னோடு வெயிலில் நடந்தார். வரப்பில் நான் வழுக்கி விழுந்தபோது அவர் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது.

கடைசி நாள் அவருடைய கழனிக்கு வந்தோம். சுற்றிலும் நவரைப் பருவத்து நெல் நிற்க, அது மட்டும் வெறுமையாகக் கிடந்தது. பார்த்த அன்று என்ன இருக்கிறதோ அதைத்தான் குறிக்க வேண்டும் என்பது விதி. பழுப்பைத் தீட்டினேன்.

"இன்னா கண்ணு, எனக்கு மட்டும் மண்ணு கலரு?"

விளக்கினேன். அவர் முகம் மாறிவிட்டது.

"ஏர் மாடு ஒண்ணு செத்துப்பூடுச்சு, அதான் இந்தப் போகம் வெக்கல. தரிசுன்னு எழுதிக்கினு போனா கம்பெனி கட்ட எடுத்துக்குவாங்களாமே. பச்சை அடிச்சிடு கண்ணு."

இது காலேஜ் படம்தான், யாரும் நிலத்தை எடுக்க மாட்டார்கள் என்றேன். அவர் நம்பவில்லை. "நட்டா மாத்துவியா?" என்றார். தப்பித்தால் போதும் என்று தலையாட்டினேன். படத்தை எப்போது காட்டப்போகிறாய் என்றதற்கு, வாய்மொழித் தேர்வு நாளையும் சொல்லிவைத்தேன்.

தேர்வன்று காலை கல்லூரி வாசலில் நிற்கிறார், கையில் ஈரத்துணி சுற்றிய நாற்றுக்கட்டோடு!

"பக்கத்து வூட்டு மாட்டைக் கேட்டு ஓட்டி, நட்டாச்சு. இது மிச்ச நாத்து. இத்தக் காட்டு, நம்புவாங்க."

ஆய்வேட்டை பைண்டு செய்து கொடுத்து இரண்டு வாரம் ஆகியிருந்தது. ஆனாலும் "மாத்திட்டேன்க்கா" என்றேன். என் கன்னத்தை வழித்து நெட்டி முறித்துவிட்டுப் போனார்.

நாற்றை வராந்தா தூணுக்குப் பின்னால் ஒளித்துவிட்டு உள்ளே போனேன். சேற்றுக் கையோடு போனால் சிரிப்பார்களே என்ற கூச்சம். தேர்வாளர் அந்த வரைபடத்தைத்தான் ரொம்பப் பாராட்டினார். நான் வெளியே வந்தபோது நாற்று துவண்டு கிடந்தது.

வேலைக்கு வெளியூர் போய், நாலைந்து வருடம் கழித்துத்தான் செம்பாக்கம் போனேன். கழனியில் மனைக்கல் நட்டிருந்தார்கள். அக்கா விற்றுவிட்டுப் போய்விட்டாராம். எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. என் வரைபடம் நூலக அலமாரியை விட்டு நகரவே இல்லை, அதனால் அவர் நிலம் போகவில்லை என்பது எனக்குத் தெரியும். இருந்தும் மனசு ஆறவில்லை.

பச்சைப் பென்சிலைக் கையில் எடுக்கும்போதெல்லாம் அவரைப் பார்க்க வேண்டும்போல் ஏக்கமாக இருக்கிறது. எங்காவது எதிர்ப்பட்டால் கையைப் பிடித்துக்கொண்டு, "அன்னைக்கு நான் மாத்தலக்கா" என்று சொல்லிவிட வேண்டும், அவர் திட்டினாலும் சரி.