ஜமுனாமரத்தூர் கவாலியில் நான் எழுந்து நின்ற கதை

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டரை மணிக்கு வாணியம்பாடி பஸ் ஸ்டாண்டில் ஓர் ஆர்மோனியப் பெட்டியோடு இறங்கினேன். எனக்கு அதை வாசிக்கத் தெரியாது. திறக்கவே தெரியாது. கல்லூரித் தோழன் கலீமின் பெட்டி அது. வேலூரில் பழுது பார்க்கக் கொடுத்திருந்தான். “வரும்போது தூக்கிட்டு வந்துடுடா. சாயங்காலம் வூட்ல கச்சேரி. ராகம் இருக்கு, கவாலி இருக்கு, பிரியாணி இருக்கு” என்று போனில் சொல்லியிருந்தான். மூன்றாவதற்காக நான் மலையைக்கூடத் தூக்குவேன்.

கலீமுக்குச் செருப்புக் கடை வாணியம்பாடியில்தான். இந்த வருடம் மட்டும் குடித்தனம் ஜவ்வாது மலையில், ஜமுனாமரத்தூரில் ஒரு வாடகை வீட்டில். ஆலங்காயம், காவலூர் வழியாக ஏறக்குறைய நாற்பத்தைந்து கிலோமீட்டர். பஸ்ஸைத் தவறவிட்டுவிட்டு ஷேர் வேனில் ஏறினேன்.

“உங்களுக்கு எம்பது ரூவா சார். பொட்டிக்கு எம்பது” என்றார் டிரைவர்.

“பெட்டிக்கு எதுக்குப்பா? அது என்ன ஆளா?”

“சீட்டுல குந்துதுல்ல? குந்துனா ஆளுதான். மடியில வெச்சிக்கினு வாங்க, காசு வாணாம்.”

மடியில் வைத்துக்கொண்டேன். எண்பது ரூபாயை மிச்சம் பிடித்த பெருமையில் ஆலங்காயம் வரை மார்பு நிமிர்ந்திருந்தது. அதற்கப்புறம் மலை ஏறத் தொடங்கியதும் ஒவ்வொரு வளைவிலும் பெட்டி என் தொடையில் சரிந்து, உள்ளே துருத்தி ‘ஹோ’ என்று மூச்சு விட்டது. பக்கத்தில் சீத்தாப்பழக் கூடையோடு உட்கார்ந்திருந்த அம்மா கவலையாகப் பார்த்தார்.

“இன்னா சார், உள்ள இன்னா கீது? இழுக்குதே?”

“ஆர்மோனியம்மா.”

“மாத்திர எதனா குட்த்தியா?”

காவலூரில் மரங்களுக்கு நடுவே வானாய்வுக் கூடத்தின் வெள்ளைக் கூரை எட்டிப் பார்த்தது. அதைத் தாண்டியதும் காற்று மாறிவிட்டது. சரிவெங்கும் சாமை தலை சாய்ந்து நின்றது. இதையெல்லாம் இன்னும் விரிவாக எழுதியிருப்பேன். பெட்டி கண்ணை மறைத்துவிட்டது.

பதினொன்றரைக்கு வீடு. கலீம் பெட்டியைக் கட்டிப்பிடித்து வரவேற்றான். பிறகு என்னையும்.

பிரியாணியும் கத்திரிக்காயும் முடிந்து, பின்கட்டுக் குழாயில் கை கழுவும்போதுதான் அவன் விஷயத்தைச் சொன்னான். அவன் மனைவி நஸ்ரீன் வாணியம்பாடியில் வீட்டிலேயே பெண் பிள்ளைகளுக்கு இந்துஸ்தானி சங்கீதம் சொல்லித் தருபவள். கோடையில் அவளுக்குத் தைராய்டு கட்டி ஆபரேஷன். ஆறிவிட்டது. பேச்சு வந்துவிட்டது. பாட்டும் வந்தது, கீழே மட்டும். மேல் ஷட்ஜத்தை, அந்த உச்சி ‘ஸ’வைத் தொடப் போனால் உடைகிறது. நல்ல காற்றில் ஓய்வெடுக்கட்டும் என்றுதான் இந்த வீடு.

“கொழா தண்ணியத் தொறந்து வுட்டுட்டுப் பாடறாடா. நமக்குக் கேக்கக் கூடாதாம்” என்றான். “பிள்ளைங்களோட அம்மாங்க தெனம் போன் பண்றாங்க. நாளைக்கு பதில் சொல்றேன்னுட்டா. இன்னிக்கு எல்லார் முன்னாடியும் மேல போய்ட்டு வந்தா கிளாஸு. இல்லன்னா வேற டீச்சரப் பாத்துக்கங்கன்னு சொல்லிடுவாளாம்.”

நான் குழாயை மூடினேன். கஷ்டமான சேதி கேட்டால் நான் செய்யும் வேலை அதுதான், எதையாவது மூடுவது.

அஸர் தொழுகை முடிந்து நாலரை மணிக்குக் கூடத்தில் ஜமக்காளம் விரித்தார்கள். உறவினர் நாலைந்து பேர், பக்கத்து வீட்டுக் குடும்பம், நான். கவாலி என்றால் கைதட்டிக் கூட்டாகப் பாடும் சூஃபிப் பாட்டு, அதற்குத் தலைமை கலீமின் அண்ணன் இஸ்மாயில் பாய். என்னைப் பார்த்து, “சாருக்குக் கவாலி புதுசா?” என்றார். ஆமென்றேன்.

“ஒரே ஒரு சட்டம்தான். பாட்டுல எதாவது ஒரு அடி, மனசத் தொட்டு ஒருத்தர் தன்ன மறந்து எழுந்துட்டாருன்னா, அவர் உக்கார்ற வரைக்கும் அந்த அடிய நாங்க வுடக் கூடாது. பாதில வுட்டா அவருக்கு செஞ்ச துரோகம்.”

“நான் அப்படியெல்லாம் எழுந்திருக்கிற ஆள் இல்லீங்க பாய். பிரியாணி அப்படி.”

முதலில் நஸ்ரீன் பீம்பளாசி பாடினாள். நம் ஆபேரிக்கு நெருங்கிய சொந்தம். வெயில் சாயும் நேரத்துக்கென்றே செய்த ராகம். அவள் குரல் கீழே வெல்லப்பாகு போல ஓடியது. மேலே போகப் போகத் தயங்கி, கடைசிப் படிக்கு முன் திரும்பிவிட்டது. எல்லோரும் “வாஹ்” என்றார்கள். அவள் மட்டும் புடவை நுனியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு அதே ராகத்தில் கவாலி. இஸ்மாயில் பாயே எழுதிய உருதுப் பாட்டு. ‘உன் வாசல் வரைக்கும் வந்துவிட்டேன், இனி உன் பாடு’ என்று ஓர் அடி. அதை அவர் எடுத்துக் கொடுக்க, நஸ்ரீன் மேல் ஷட்ஜத்தில் முடிக்க வேண்டும். போனாள். உடைந்தது. இருமினாள். ‘போதும்’ என்று கையைக் காட்டிவிட்டாள். பாய் தலையசைத்து அடுத்த அடிக்கு மூச்சு இழுத்தார்.

அந்த நொடியில், நாற்பத்தைந்து கிலோமீட்டர் ஆர்மோனியம் சுமந்த என் வலது காலைக் குரக்களி பிடித்து, தொடைச் சதை கல்லாக இறுகியது. “ஐயோ!” என்று இரண்டு கைகளையும் உயர்த்தி எழுந்துவிட்டேன்.

கூடமே சிலிர்த்தது. யாரோ “சுபானல்லாஹ்” என்றார்கள். இஸ்மாயில் பாயின் கண் கலங்கிவிட்டது. சட்டம் சட்டம்தான், கைதட்டல் ஏற, அந்த அடி திரும்ப வந்தது. நஸ்ரீனுக்கு வேறு வழியில்லை. பாடினாள். இந்தத் தடவை உடையவில்லை, ஆனால் எட்டவும் இல்லை.

கால் விட்டுவிட்டது. உட்காரப் போனேன். பின்னாலிருந்து கலீம் சட்டையைப் பிடித்தான்.

“உக்காராதடா!”

“கால் சரியாயிடுச்சுடா.”

“உக்காந்தே, கொன்னுடுவேன். ஆடு!”

ஆடினேன். என் கல்யாணத்தில்கூட ஆடாதவன், ஜவ்வாது மலையில் ஒரு கூடத்தின் நடுவே, தொந்தி ஒரு தாளத்திலும் நான் இன்னொரு தாளத்திலுமாக ஆடினேன். அடி மூன்றாம் முறை வந்தது, நான்காம் முறை வந்தது. நான் ஒரு சுற்றுச் சுற்றி, சுவர் ஆணியில் சட்டை மாட்டி, அங்கேயே நின்று கையை மட்டும் ஆட்டினேன். நஸ்ரீன் அதைப் பார்த்துவிட்டாள். பாடிக்கொண்டே சிரித்தாள். சிரிப்பில் தோள் இறங்கியது, கழுத்து தளர்ந்தது, குரல் எந்த அவசரமும் இல்லாமல் மேலே போய் ஷட்ஜத்தில் உட்கார்ந்தது. உட்கார்ந்து, அங்கேயே இருந்தது.

கைதட்டியவர்கள் கைதட்ட மறந்தார்கள். கலீம் வந்து என் சட்டையை ஆணியிலிருந்து விடுவித்துவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டான். அப்புறம்தான் நான் உட்கார்ந்தேன்.

அந்தி மஃரிப் தொழுகைக்குப் பின் டீ. நஸ்ரீன் தம்ளரை நீட்டினாள்.

“கால் எப்படி இருக்குண்ணே?”

“தெரிஞ்சுடுச்சாம்மா?”

“மொத தடவ நெசம்னுதான் நெனச்சேன். அப்புறம் நீங்க ஆடுனது எந்தத் தாளத்துலயும் இல்லியே.”

“பாய்கிட்ட சொல்லிடாதம்மா.”

“சொல்ல மாட்டேன். அவரு உங்களப் பெரிய மகான்னு பக்கத்து வூட்ல சொல்லிக்கினு இருக்காரு.”

வேலூர் திரும்பப் போளூர் பஸ்ஸில் ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்து யோசித்தேன். எங்கள் வேலூர்க் கச்சேரிகளில் பாடகருக்குக் குரல் பிசகினால், நாங்கள் மிக நாகரிகமாகக் காதில் விழாத மாதிரி செருப்பைத் தேடுவோம். அதை மரியாதை என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். இந்த வீட்டில், கேட்பவன் ஒருவன் எழுந்து நின்றால் போதும், தவறிய இடத்துக்கே பாட்டு திரும்பி வருகிறது.

பஸ் கிளம்பும்போது வழியனுப்ப வந்த நஸ்ரீன் போனில் மாணவி ஒருத்தியின் அம்மாவிடம் பேசிக்கொண்டிருந்தாள். இன்ஜின் சத்தத்தை மீறிக் கேட்டது, அத்தனை உரக்கச் சொன்னாள்:

“அடுத்த வாரம்லாம் வாணாங்க. நாங்க நாளைக்கே கீழ வர்றோம். சாயங்காலம் பிள்ளைங்கள அனுப்பிடுங்க!”