தேய்ந்த இரண்டு இடங்கள்

சூலூரை ஒட்டிய ஒரு கம்பள ஏற்றுமதிக் கம்பெனியில் பதினோரு வருடமாக கிராஃப் போடுகிறேன். வெளிநாட்டிலிருந்து வரும் படத்தைக் கட்டம் போட்ட தாளில் நிறம் நிறமாக மாற்றித் தறிக்குக் கொடுப்பது என் வேலை. ஒரு கட்டத்துக்கு ஒரு முடிச்சு. நெய்கிறவர்கள் அந்தத் தாளைப் பார்த்துக் கம்பளி நூலைத் தறியில் நெடுக்காகக் கட்டிய பாவில் முடிந்து, அறுத்து, அடுத்த முடிச்சுக்குப் போவார்கள்.

போன வருடம் கோடையில் ஐரோப்பாவிலிருந்து ஒரு பார்சல் வந்தது. உள்ளே பழைய கம்பளம் ஒன்று. கட்டிலோரம் போடுகிற அளவு, மங்கின சிவப்பு. கூடவே ஒரு கடிதம். இதேபோல் புதிதாக ஒன்று வேண்டும், கால் பட்டுத் தேய்ந்த இடங்களும் அப்படியே வேண்டும், அவற்றைத் தயவுசெய்து சரிசெய்துவிடாதீர்கள் என்று அந்த மனிதர் எழுதியிருந்தார்.

முதலாளி கடிதத்தை இரண்டு முறை படித்தார். எங்கள் ஷெட்டில் பாதி வேலையே குறையைத் தேடிப் பிரித்தெடுப்பதுதான். குறையோடு நெய்து தரச்சொல்லி யாரும் கேட்டதில்லை. பிறகு, அவருக்கு என்ன வேணுமோ அதைச் செஞ்சு குடுத்துரலாமுங்க என்று கம்பளத்தை என் மேஜையில் வைத்துவிட்டுப் போனார்.

தேய்ந்த இடங்கள் இரண்டு. அவற்றின் மேல் மெல்லிய தாளை விரித்துப் பென்சிலால் ஓரம் வரைந்தேன். வலது, முழுப் பாதம். இடதில் விரல்களும் முன்பாதமும் மட்டும். குதிகால் பட்ட அடையாளமே இல்லை. மே மாத வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே தண்ணீர் பாட்டில்கூடச் சுட்டது. அந்த இரண்டு இடங்களில் கை வைத்தபோது மட்டும் சில்லென்றிருந்தது. கம்பளி அப்படித்தான் இருக்கும் என்று சொல்லிக்கொண்டேன். மற்ற இடங்களும் கம்பளிதான் என்பது பிறகுதான் உறைத்தது.

நெய்யக் கொடுத்தது ஷெட்டிலேயே கைத்திருத்தமான ஒரு அக்காவிடம். அதிகம் பேசமாட்டார். வேகமாக நெய்து வந்தவர், தேய்ந்த இடம் தொடங்கும் வரிசைக்கு வந்ததும் கத்தியைக் கீழே வைத்துவிட்டார். என்னைக் கூப்பிட்டு, பக்கத்துத் தறிக்குக் கேட்காத குரலில் கேட்டார்.

"அம்மணி, இந்தக் காலுக்குச் சொந்தக்காரங்க இருக்காங்களா?"

எனக்குத் தெரியவில்லை என்றேன். தெரியாமல் நெய்யமாட்டேன் என்றார். செத்தவங்க காலை என் கையால முடிஞ்சு உண்டாக்க மாட்டேன், கேட்டுச் சொல்லு, அதுவரைக்கும் வேற தறியில உக்காந்துக்கறேன் என்று எழுந்து போய்விட்டார்.

முதலாளிக்குக் கோபம்தான். ஆனாலும் மெயில் அனுப்பினார். ஒன்பது நாள் பதில் இல்லை. அந்த ஒன்பது நாளும் தறி அப்படியே நின்றது. நான் அதைச் சுற்றிக்கொண்டுதான் என் மேஜைக்குப் போவேன். பக்கத்து விமானப்படைத் தளத்திலிருந்து விமானம் கிளம்பும்போது கூரை அதிரும், எல்லாத் தறியின் பாவும் லேசாக நடுங்கும். அந்தத் தறியில் மட்டும் நூல் அசையாமல் நின்றதை ஒரு முறை பார்த்தேன். அதற்குப் பிறகு அந்தப் பக்கம் பார்ப்பதை விட்டுவிட்டேன்.

பத்தாம் நாள் பதில் வந்தது. அது அவருடைய அம்மாவின் பாதமாம். உயிரோடு இருக்கிறார், பார்வை போய்விட்டது. இடுப்பு அறுவைக்குப் பிறகு இடது குதிகாலை ஊன்றுவதில்லை. தினமும் காலையில் கட்டிலிலிருந்து காலைத் தொங்கவிட்டு அந்த இரண்டு இடங்களையும் தடவித் தேடுவார், கிடைத்த பிறகே எழுந்து நிற்பார். மாதிரிக்காகப் பழையதை அனுப்பியதிலிருந்து இறங்கவே மறுக்கிறார், சீக்கிரம் அனுப்புங்கள் என்று மகன் முடித்திருந்தார்.

இதைச் சொன்னதும் அக்காவின் முகம் வாடிப்போனது. நாமதான் அவங்களப் படுக்கப் போட்டுட்டோம் என்று சொல்லிவிட்டுத் தறிக்குப் போனார். சாப்பாட்டுக்குக்கூட எழவில்லை. தேய்ந்த இடங்களில் முடிச்சை நெருக்கிப் போட்டு, நூலைக் கத்திரியால் வரிசை வரிசையாகக் குட்டையாக வெட்டினார். நான் வரைந்து கொடுத்த ஓரத்தை ஓரிடத்தில் அரை விரல் அகலம் மீறியிருந்தார். காட்டினேன். இங்கதான் பெருவிரல அழுத்துவாங்க என்றார். பழைய கம்பளத்தை எடுத்து வந்து வைத்துப் பார்த்தேன். அவர் நெய்ததுதான் சரி, நான் வரைந்தது தவறு. பழையதோ முதல் நாளிலிருந்தே என் பீரோவுக்குள் இருந்தது. சாவி என்னிடம். அக்கா அதைப் பிரித்துப் பார்த்ததே இல்லை.

நெய்து முடித்ததும் தறியிலிருந்து அறுத்து இறக்கி, அலசி, வியாழக்கிழமை காலை மொட்டை மாடியில் விரித்தோம். பதினொரு மணிக்கெல்லாம் கம்பளம் காய்ந்துவிட்டது, அந்த இரண்டு இடங்களைத் தவிர. சலவை பார்க்கும் அண்ணன் குழம்பினார். நூல் குட்டையாக இருக்கும் இடம்தான் முதலில் காய வேண்டும். துணியால் ஒற்றி எடுத்தார். சிறிது நேரத்தில் மறுபடி ஈரம் ஊறியது. சிமெண்டுத் தரையில் கால் வைக்க முடியாத வெயிலில், சிவப்புக் கம்பளத்தின் மேல் இரண்டு பாதங்கள் மட்டும் கருத்து நனைந்து கிடந்தன. பதினொன்றரை இருக்கும். நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, யாரோ காலை எடுத்ததுபோல், இரண்டும் ஒரே சமயத்தில் வெளிறின.

கம்பளத்தை மறுநாளே விமானத்தில் அனுப்பினோம். அடுத்த வாரம் மெயில் வந்தது. கம்பளம் கிடைத்தது, அதற்குள் அம்மா போய்விட்டார் என்று எழுதியிருந்தார். கடைசியாக வியாழக்கிழமை காலை, பல வாரங்களுக்குப் பிறகு, தானாகவே இறங்கினாராம். வெறும் தரையில் தேடாமல் கால் வைத்து, ஊன்றி நிமிர்ந்து நின்றாராம். பிறகு மகன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுவிட்டுப் படுத்துக்கொண்டாராம். அப்போது மணி எட்டு என்று எழுதியிருந்தார். அங்கே எட்டு என்றால் இங்கே எத்தனை என்று விரல் விட்டுக் கணக்குப் போட்டேன். பாதியிலேயே விடை தெரிந்துவிட்டது.

அக்காவிடம் மறைக்க நினைத்தேன். முடியவில்லை. நான் சொன்னதை அவர் நெய்துகொண்டே கேட்டுக்கொண்டார். கடைசியில்தான் திரும்பினார்.

"நின்னாங்களா?"

"நின்னாங்களாமுங்க, அக்கா."

"அப்பச் சரி," என்று அடுத்த முடிச்சைப் போட்டார்.

அந்த மெயிலோடு ஒரு படமும் வந்திருந்தது. ஆளில்லாத கட்டில், ஓரத்தில் எங்கள் கம்பளம், ஜன்னல் வெளிச்சம். நல்ல படம். கேட்லாக்கில் போட்டுக்கலாமா என்று முதலாளி கேட்டார். வேண்டாமுங்க என்றேன். அவர் காரணம் கேட்கவில்லை. படத்தில் அந்த இரண்டு இடங்களை நான் பெரிதாக்கிப் பார்க்கவும் இல்லை.